கன்வெர்ட்டரைக் கழற்றினால் வண்டி இழுக்குமா?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து வாசலில் காபி குடித்துக்கொண்டு நின்றபோது, நம் உறுப்பினர் ஒருவர் தம்முடைய டெலிவரி வேனைப் பற்றிப் பேச்செடுத்தார். அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அரிசிக்கடை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறோம். அவர் சொன்னதைக் கேட்டதும் சுற்றி நின்றவர்களில் நாலைந்து பேர், "எனக்கும் அதே யோசனையைத்தான் சொன்னாங்க" என்றார்கள். இரண்டு பேர் அந்த வேலையை ஏற்கெனவே செய்தும் முடித்திருந்தார்கள். எனவே இது ஒருவருடைய கதை அல்ல என்று புரிந்துகொண்டு, இந்த இதழில் விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

அண்ணாச்சியின் வேன் 2020-க்குப் பிறகு வந்த பெட்ரோல் வண்டி. கடைகளுக்குச் சிப்பம் போடுவதற்கென்றே வாங்கியது. மூன்று வருடம் நன்றாக ஓடியது. பிறகு மெல்ல மெல்ல இழுவை குறைந்தது. "இருபது சிப்பம் ஏத்தினா மேம்பாலம் ஏற முக்குது. செகண்ட் கியருக்கு வந்திருது" என்று டிரைவர் புகார் சொல்ல ஆரம்பித்தார். பழக்கமான பட்டறைக்கு விட்டார்கள். மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கன்வெர்ட்டர்தான் அண்ணாச்சி காத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. அதை எடுத்துட்டு நேர் பைப் போட்டா வண்டி பறக்கும். லேபர் வேண்டாம், பைப்புக்கு மட்டும் காசு குடுங்க. உள்ள இருக்கிற கல்லை நான் எடுத்துக்கிறேன்" என்றாராம்.

கூலி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வியாபாரிக்கு உடனே காது நிமிர வேண்டும். அண்ணாச்சிக்கு அன்று நிமிரவில்லை. அதை அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

பைப் மாற்றியதும் வண்டி உண்மையிலேயே இழுத்தது. டிரைவருக்கு மகிழ்ச்சி. சத்தம் கொஞ்சம் கூடியதையும் அவர் சக்தி கூடியதாகவே எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து வண்டி மறுபடி உதற ஆரம்பித்தது. பெட்ரோல் செலவு ஏறியது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. புகைச் சான்றிதழுக்குப் போன இடத்தில் மெஷின் 'ஃபெயில்' என்று அடித்துக் கொடுத்தது. கடைசியில் புதுக் கன்வெர்ட்டரை விலைக்கு வாங்கிப் போட வேண்டியதாயிற்று. அந்த ரசீதை அவர் நம்மிடம் காட்டினார். ஒரு மாதத்துக் கடை வாடகைக்கு மேல் இருந்தது.

அப்படியானால் முதலில் இழுத்தது எப்படி? பிறகு உதறியது ஏன்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் முழு விஷயமும் விளங்கிவிடும். அதற்கு முன்னால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

கன்வெர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, புகை போகும் வழியில் பொருத்தப்பட்ட எஃகுப் பெட்டி. உள்ளே பீங்கான் போன்ற ஒரு கல். அதில் தேன்கூடு மாதிரி மெல்லிய துளைகள், ஒரு சதுர அங்குலத்துக்கு 400 என்ற கணக்கில் இருப்பது சாதாரணம். அந்தத் துளைகளின் சுவரில் அலுமினா பூச்சு. பூச்சின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்று உலோகங்கள் மிகச் சிறிய அளவில் தூவப்பட்டிருக்கும். மொத்தமாகச் சேர்த்தாலும் சில கிராம்தான்.

இன்ஜினிலிருந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் என்று மூன்று நஞ்சுகள் உண்டு. சூடான அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு போகும்போது முதலாவது கரியமில வாயுவாகிறது. இரண்டாவது கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் ஆகிறது. மூன்றாவது வெறும் நைட்ரஜனாகிறது. உலோகங்கள் இதில் செலவாவதில்லை. தரகர் மாதிரி இரண்டு பேரையும் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் கல் 250, 300 டிகிரி சூடேறிய பிறகுதான் இந்தத் தரகு தொடங்கும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் கன்வெர்ட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த யோசனைக்கு மூலவர் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுக்காரர். அமெரிக்காவில் குடியேறி 1950-களில் இதை உருவாக்கினார். அப்போது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்ததால் அது கல்லின் மேல் படிந்து வேலையைக் கெடுத்துவிட்டது. அதனால் கருவி பரவலாக வழக்கத்துக்கு வர 1975 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் தேதி டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஈயமற்ற பெட்ரோலும் அதே நாளில் அந்த நகரங்களில் வந்தது. நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே என்ற நிலை வந்தது 2000 பிப்ரவரியில். நடுவில் இருந்த அந்த ஐந்து வருடத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் வாங்கிய காரில் வெளியூர் போய், கிடைத்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு திரும்பினால் கல் கெட்டுப் போகும். "கன்வெர்ட்டரை எடுத்துப் போடு" என்ற பட்டறை வைத்தியம் வேரூன்றுவதற்கு அந்தக் காலம் ஏற்றதாயிருந்தது. நோய் போய் இருபது வருடத்துக்கு மேலாகியும் வைத்தியம் மட்டும் தங்கிவிட்டது.

பின் கதவா, முன் ஷட்டரா?

இப்போது சக்திக்கு வருவோம். புகை வெளியேறும் வழியில் எந்தப் பொருளை வைத்தாலும் கொஞ்சம் தடை இருக்கத்தான் செய்யும். கன்வெர்ட்டருக்கும் அது உண்டு. இல்லை என்று சொல்பவர் உண்மை பேசவில்லை. எவ்வளவு தடை, எப்போது தடை என்பதுதான் கேள்வி.

வாயு ஒரு குழாயில் போகும்போது அதன் ஓட்டம் இரண்டு பங்கானால் எதிர் அழுத்தம் ஏறத்தாழ நான்கு பங்காகும். ஓட்டம் மூன்றில் ஒரு பங்கானால் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். சந்தைப் பக்கம் போகும் நம் வேனின் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். முழுச் சக்தியைக் காட்ட அது நிமிடத்துக்கு 6,000 சுற்றை ஒட்டிச் சுற்ற வேண்டும். டவுனுக்குள் சரக்கு போடும்போது 2,000 சுற்றைத் தாண்டுவதே அபூர்வம். ஆக்சிலரேட்டரும் பாதிக்கு மேல் அமுங்குவதில்லை. புகையின் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், கன்வெர்ட்டரின் தடை அதன் உச்ச அளவில் ஒன்பதில் ஒரு பங்குதான். அந்த உச்ச அளவே, நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டரில், முழுச் சக்தியில் ஓரிரு சதவீதத்தைத்தான் தின்கிறது. அதில் ஒன்பதில் ஒரு பங்கை டிரைவரின் கால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். பெட்ரோல் இன்ஜினில் சக்தியைக் கட்டுப்படுத்துவது காற்று உள்ளே போகும் வழியிலுள்ள தட்டு. ஆக்சிலரேட்டரை லேசாக அமுக்கும்போது அந்தத் தட்டு முக்கால்வாசி மூடியே இருக்கிறது. கடையின் முன் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, வியாபாரம் ஆகவில்லை என்று பின் கதவை அகலமாக்கினால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது. ஷட்டரை ஏற்ற டிரைவரின் கால் போதும்.

சரி, பந்தயக் கார்களில் இதை மாற்றுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். டர்போ வைத்த இன்ஜினை எப்போதும் உச்சச் சுற்றில் ஓட்டுபவர்கள், துளை பெரிதான உலோகக் கல் வைத்த கன்வெர்ட்டரைப் போட்டு, அதற்கேற்றபடி இன்ஜினின் கம்ப்யூட்டர் கணக்கையும் மாற்றி எழுதினால் சக்தி கூடத்தான் செய்யும். கூடுவதில் பெரும் பங்கு அந்தக் கணக்கு மாற்றத்தால் வருவது. பழம் மூட்டை ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டிலிருந்து திரும்பும் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மேல்நாட்டில் இந்த நம்பிக்கை பிறந்த கதையும் சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஈயமற்ற பெட்ரோலுக்கு ஏற்ப இன்ஜின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். அதனால் கார்களின் சக்தி விழுந்தது. 1975-இல் வந்த கன்வெர்ட்டர்களில் சில, தேன்கூட்டுக் கல் இல்லாமல் உருண்டை உருண்டையான மணிகளைக் கொட்டி நிரப்பியவை. அவை புகையை நிஜமாகவே தடுத்தன. இரண்டு பழியும் சேர்ந்து கன்வெர்ட்டர் தலையில் விழுந்தது. மணி வைத்த கன்வெர்ட்டர் போய் எத்தனையோ காலமாகிவிட்டது.

அண்ணாச்சி வண்டிக்கு என்ன ஆயிற்று?

ஆனால் அண்ணாச்சியின் வண்டி பைப் மாற்றியதும் இழுத்ததே? அவர் பொய் சொல்லவில்லை. டிரைவரும் பொய் சொல்லவில்லை. கன்வெர்ட்டர் அடைத்திருந்தது. அடைத்த கன்வெர்ட்டர் இன்ஜினின் கழுத்தை நெரித்துவிடும். அதை எடுத்தால் வண்டி மூச்சு விடத்தான் செய்யும். அந்த ஆதாயம் மாற்றி அமைத்ததால் வந்ததல்ல. இழந்தது திரும்பக் கிடைத்தது, அவ்வளவே. நல்ல கன்வெர்ட்டரைப் போட்டிருந்தாலும் அதே இழுவை வந்திருக்கும்.

மெக்கானிக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கன்வெர்ட்டர் தானாக அடைக்குமா? வண்டியின் ஆயுள் வரை உழைக்கும்படி செய்த பொருள் அது. மூன்று வருடத்தில் அடைத்தது என்றால் இன்ஜினிலிருந்து ஏதோ ஒன்று வந்து அடைத்திருக்க வேண்டும். இன்ஜின் ஆயில் எரிந்து, அதிலுள்ள பாஸ்பரஸ் கல்லின் மேல் படியலாம். ஹெட் கேஸ்கெட் கசிந்து ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகலாம். கலப்பட பெட்ரோலாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது, ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழாமல் பெட்ரோல் எரியாமலேயே வெளியே போய், சூடான கல்லில் போய் எரிவது. அப்போது கல்லின் வெப்பம் எல்லை மீறி, தேன்கூடு உருகிக் கட்டியாகிவிடும்.

அண்ணாச்சியின் வேனை இரண்டாவது முறை பார்த்த வேறொரு பட்டறைக்காரர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, ஒரு சிலிண்டரின் இக்னிஷன் காயில் விட்டுவிட்டு வேலை செய்வதைக் கண்டுபிடித்தார். காயிலின் விலை, புதுக் கன்வெர்ட்டர் விலையில் ஒரு சிறு பகுதிதான். முதலில் இழுவை குறைவதற்கு முன்பே மஞ்சள் விளக்கு சில நாள் மின்னி மின்னி எரிந்ததை டிரைவர் பார்த்திருக்கிறார். "லைட்தானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டிருக்கிறார். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டச் சொல்கிறது என்று பொருள். மின்னி மின்னி எரிந்தால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, உடனே வேகத்தைக் குறைத்து வண்டியைக் காட்டு என்று பொருள். நம் டிரைவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நமக்கே இந்தக் கட்டுரைக்காக விசாரிக்கும் வரை தெரியாது.

காயிலை மாற்றாமல் கல்லை மட்டும் எடுத்ததால்தான் மூன்று வாரத்தில் உதறல் பழையபடி தலைகாட்டியது. பெட்ரோல் செலவு ஏறியதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தப்பாமல் இருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. குழாயை அறுத்து வெல்டிங் வைத்த இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து, இன்னும் ஊற்றச் சொல்லும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார், கல் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. கல்லே இல்லாதபோது அது விளக்கைப் போட்டுவிடும். விளக்கை அணைக்க சென்சாருக்கு அடியில் ஒரு துண்டுக் குழாயை வைத்து ஏமாற்றும் வித்தையும் பட்டறைகளில் இருக்கிறது. விளக்கு அணையும். அடுத்த கோளாறு வரும்போது அதைச் சொல்லவும் ஆளிருக்காது.

கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜைத் திருகினால் போதும். வண்டி சும்மா ஓடும்போது அழுத்தம் ஒன்றேகால் பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். 2,500 சுற்றுக்கு ஏற்றினால் மூன்று பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடைப்பு. பத்து நிமிட வேலை. இந்தக் கேஜை மாட்டிப் பார்க்காமல் கன்வெர்ட்டர் மேல் பழி போடும் பட்டறையில், கேஜ் இருக்கிறதா என்று நாம் கேட்கலாம், தப்பில்லை. பெட்டியைத் தட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம் வந்தால் கல் உடைந்திருக்கிறது. புகையில் அழுகிய முட்டை வாடை தொடர்ந்து அடித்தால் அதுவும் பார்க்க வேண்டிய அடையாளம்தான்.

அந்தக் கல் எங்கே போகிறது?

கூலி வேண்டாம் என்ற பேச்சுக்கு இப்போது வருவோம். கல்லில் தூவியிருக்கும் மூன்று உலோகத்தில் ரோடியத்தின் விலை 2021-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் வாக்கில் ஒரு அவுன்ஸ் 29 ஆயிரம் டாலர் வரை போனது. அப்போது தங்கம் அவுன்ஸ் 1,700, 1,800 டாலர். தங்கத்தைப்போல் பதினைந்து மடங்கு! உலக ரோடியத்தில் பெரும் பகுதி தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே உற்பத்தி தடைப்பட்டால் விலை துள்ளிவிடும். பிறகு 2023-இல் அந்த விலை சரிந்தது. சரிந்தும் அது குப்பையாகிவிடவில்லை. பழைய கல்லைக் கிலோக் கணக்கில் வாங்கி, பொடித்து, உருக்கி உலோகம் பிரித்தெடுக்கும் தொழில் உலகெங்கும் நடக்கிறது. முறையாக நடப்பதும் உண்டு, முறைகேடாக நடப்பதும் உண்டு.

அந்த விலையேற்றத்தின் சூட்டில்தான் அமெரிக்காவில் கன்வெர்ட்டர் திருட்டு பெருகியது. நம் நாட்டிலும் 2021-ஐ ஒட்டி குஜராத், மகாராஷ்டிரம், டில்லி எனப் பல இடங்களில் ஈகோ வேன்களின் சைலன்சரை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போகும் கும்பல்கள் பிடிபட்டன. வேன் தரையிலிருந்து உயரமாக இருப்பதால் ஜாக்கி போடாமலேயே அடியில் புகுந்து வேலையை முடித்துவிடலாம் என்பது திருடர்களுக்குச் சௌகரியம். அவை பெரும்பாலும் நம்மைப் போன்ற வியாபாரிகளின் வண்டிகள், தெருவோரம் நிற்பவை. கடை வாசலில் வண்டியை விட்டுவிட்டுப் போகும் உறுப்பினர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். திருடன் எடுத்துப் போனால் போலீசுக்குப் போகலாம். நாமே கையால் கழற்றிக் கொடுத்துவிட்டு, பைப்புக்குக் காசும் கொடுத்துவிட்டு வந்தால் யாரிடம் போவது? அண்ணாச்சி புதுக் கன்வெர்ட்டர் வாங்கியபோது, பழைய கல்லைத் திருப்பிக் கொடு என்று முதல் பட்டறைக்குப் போனாராம். "அதெல்லாம் அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போயிருச்சு" என்று பதில் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் திருத்தப்பட்ட சட்டத்தில் 182-ஏ பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. காற்று மாசு விதியை மீறி வண்டி ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது, லைசென்சும் மூன்று மாதம் பறிபோகலாம். லைசென்ஸ் டிரைவருடையது என்பதை மறந்துவிடக் கூடாது. நாம் செய்த மாற்றத்துக்கு அவர் மூன்று மாதம் பிழைப்பில்லாமல் நிற்பார்.

புகைச் சான்றிதழ் எப்படியும் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பி.எஸ். 4 பெட்ரோல் நாலு சக்கர வண்டிக்கு, சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாத இன்ஜினின் புகையில் அது சாதாரணமாகவே அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று இருக்கும். நேர்மையாக வைத்த மெஷினில் தேறவே முடியாது. எப்.சி.க்குப் போகும் சரக்கு வண்டிகளுக்கு இந்தத் தலைவலி இன்னும் கூடுதல்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரல் முதல் தேதி நாடு முழுவதும் பி.எஸ். 6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் பெட்டி ஒன்றல்ல, இரண்டு மூன்று. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று. டி.பி.எஃப். என்கிறார்கள். பெரிய வண்டிகளில் யூரியா திரவத்தைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை அழிக்கும் ஏற்பாடு இன்னொன்று. இவற்றைக் கழற்றிவிட்டு "சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம், பவர் கூடும்" என்று அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கூடும் சக்தி வடிகட்டி போனதால் வருவதல்ல, சாஃப்ட்வேர் டீசலைக் கூடுதலாக ஊற்றச் சொல்வதால் வருவது. டீசலுக்குக் காசு யார் கொடுப்பது என்று யோசித்துக்கொள்ளலாம். இன்ஜினுக்கும் டர்போவுக்கும் அது கணக்கில் வராத சுமை.

வடிகட்டி அடைத்துக்கொள்வது நம் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். அதில் சேர்ந்த கரி எரிய 550, 600 டிகிரி வெப்பம் வேண்டும். கடைக்குக் கடை நின்று நின்று போகும் வண்டியில் அந்த வெப்பம் வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். விளக்கு எரிந்ததும் வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றி இருபது, முப்பது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் கரி எரிந்து விளக்கு அணைந்துவிடும். கையேட்டில் இதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும். கையேடு வண்டியில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். யூரியா திரவம் வாங்குவதிலும் சிக்கனம் பார்த்து உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். வண்டிக்கு வேண்டியது 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி சுத்திகரித்த நீரும். உரக்கடை யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. விவசாயிக்கு மானியத்தில் போகிற சரக்கு, வேறு வழிக்குத் திருப்புவதும் குற்றம். தெளிக்கும் முனையும் அடைத்து, பம்பும் போய், அவருக்கு ஆன செலவில் இரண்டு வருடத்துக்கு நல்ல திரவம் வாங்கியிருக்கலாம்.

குடோனுக்குள்ளே

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் உண்மையில் பேனாவை எடுத்தோம். நம் குடோன்களில் பலவும் குறுகிய சந்துக்குள் இருப்பவை. வண்டியை ரிவர்சில் உள்ளே விட்டு, புகைக்குழாய் உள்பக்கம் பார்த்திருக்க, இன்ஜினை அணைக்காமலே சரக்கு இறக்குவது வழக்கமாகிவிட்டது. குறிப்பாக மழை நாளில் ஷட்டரையும் பாதி இறக்கிவிடுகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் பற்றோடு இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, வாந்தி, மயக்கம். சூடான நல்ல கன்வெர்ட்டர் இந்த வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அழித்துவிடுகிறது. அதைக் கழற்றிய வண்டி அப்படியே குடோனுக்குள் விடுகிறது. கன்வெர்ட்டர் இருந்தாலும் குளிர்ந்த இன்ஜினில் அது வேலை செய்யாது என்பதை முன்பே பார்த்தோம்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நேர் பைப் போட்டிருந்த அந்த மாதங்களில், சாயந்திரம் சரக்கு இறக்கி முடிந்ததும் மூட்டை தூக்கும் பையன்களில் இருவர் "தலை வலிக்குது மொதலாளி" என்று டீக்கடைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். வேலைக்கு மட்டம் போடுகிறார்கள் என்று இவர் ஒருநாள் சத்தம்கூடப் போட்டிருக்கிறார். காரணம் வாயுதானா, வெயிலா, பசியா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

குடோன் சுவரில் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே இப்போது "இன்ஜினை அணைக்கவும்" என்று பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். பின்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டியிருக்கிறார். புதுக் கன்வெர்ட்டர் திருட்டுப் போகாமலிருக்க வண்டியின் அடியில் கம்பிக்கூண்டு ஒன்று அடித்திருக்கிறார்கள். தட்டி எடுப்பதற்குத் தாராளமாக இடம் விட்டு, நட்டு போல்ட்டின் தலையை மட்டும் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வேண்டுகிற உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் சொன்னால், அண்ணாச்சி வண்டியை நேரில் காட்டத் தயாராக இருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் வண்டி குடோனில் நிற்கும்.